சீடை குளித்த ஞாயிறு

அத்தியாயம் – 11

மனைவியின் வேலைப் பையை பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக் கட்ட பிரம்மநாயகம் மூன்று தடவை கயிற்றை மாற்றிப் போட்டான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு ஒரு பையைக் கட்டத் தெரியாமல் இல்லை. மனசு ஒட்டாத வேலையில் கை ஓடவில்லை.

மகள் இசக்கி புத்தகத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜில் அவள் பெயர் இஷா. தாராவியில், இந்தச் சந்துக்குள் அந்தப் பெயர் செல்லாது.

"நாளைக்குப் பரீட்சை இல்லன்னா நானே அம்மாகூடப் போயிருப்பேன்பா. இன்னைக்கு ஒருநாள்தான. அங்க போய் அம்மா சொல்லுறத மட்டும் கேளுங்க."

"எனக்குத் தெரியும்ட்டி. நீ போய்ப் படி."

மாரீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். பழைய சுடிதார், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா, கையில் பச்சை நிறத் தொட்டி. புருஷன் முகத்தைப் பார்க்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டியது.

இருவரும் பேசி ஐந்து நாளாகிவிட்டது.

செம்பூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் மாரீஸ்வரி ஆறு வருடம் வேலை பார்த்தாள். தரை துடைக்கப் போனவள், கடைசியில் டாக்டர் ஊசி போடும்போது எந்த நாயையும் பிடித்து நிறுத்துகிறவளாக ஆனாள். டாக்டரம்மா பன்வேல் பக்கம் போனபின், தானே வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டிவிடும் வேலையை ஆரம்பித்தாள். எட்டு மாதம் ஆகிறது. போனில் நாள் குறித்துக் கொடுப்பது இசக்கி. பிரம்மநாயகம் மட்டும் சொந்தக்காரர்களிடம், "அதே கிளினிக்தான். மாட்டுங்காவுக்கு மாத்திட்டாவ" என்று சொல்லி வைத்திருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பொய் உடைந்தது. கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்ற அவன் அண்ணன் திருவேங்கடம், தொட்டியும் நனைந்த துப்பட்டாவுமாக எதிரே வந்த மாரீஸ்வரியைப் பார்த்து, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"கிளினிக்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?" என்று அன்று பிரம்மநாயகம் கேட்டான்.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்க சொன்ன பொய்ய நீங்களே காப்பாத்திக்கிடுங்க."

அதுதான் கடைசிப் பேச்சு. அண்ணன் இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மகன் சுரேந்திரனுக்கு முலுண்டில் பெண் பார்த்திருக்கிறார்கள். அது சம்பந்தமாகப் பேச வேண்டுமாம்.

மாட்டுங்காவில் மாரீஸ்வரி கைகாட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தியபோதுதான் பிரம்மநாயகம் கட்டடத்தின் பெயரைப் பார்த்தான். கமல் குஞ்ச். அவன் மாதாமாதம் வந்து லிஃப்டுக்கு எண்ணெய் போடும் கட்டடம். வாட்ச்மேன் மிஸ்ராவிலிருந்து மேல்மாடிக் குஜராத்தி வரைக்கும் எல்லோருக்கும் அவனைத் தெரியும்.

மிஸ்ரா கேட் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பிரம்மநாயகம் ஹெல்மெட்டைக் கழற்றாமல், பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் படிக்கட்டுக்கு நடந்தான்.

"லிஃப்ட் ரிப்பேரா?" ஐந்து நாளைக்குப் பின் மாரீஸ்வரியின் முதல் வார்த்தை அதுதான்.

"மூணு மாடிதான. ஏறினா என்ன?"

அவள் அவன் ஹெல்மெட்டை ஒரு தடவை பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்பது அவனுக்கும் புரிந்தது. தொட்டியோடு முன்னால் ஏறினாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். பெயர் பத்மஜா. முலுண்டில் இருக்கிறாள், அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருக்கிறாள். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"வாங்கோ. மூணு மணிக்கு கர்ஜத்லேர்ந்து வண்டி வரது. அங்க ஒரு பண்ணையில நாயெல்லாம் வெச்சுக்கறா. அதுக்குள்ள கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுத்தாப் போறும். முடியை மொத்தமா வழிச்சுட்டாலும் சரி."

"பண்ணைக்கா அனுப்புதீங்க?" மாரீஸ்வரி கேட்டாள்.

பத்மஜா பதில் சொல்வதற்குள் ஜன்னலோர நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அது கடிக்கும்மா. ரெண்டு நாய்ப் பார்லர்ல கொண்டுபோய்க் காட்டியாச்சு, முடியாதுன்னு திருப்பி அனுப்பிச்சுட்டா. என்னையே கடிச்சுடுத்து, பாருங்கோ."

வேங்கடசுப்ரமணியன் வலது கையை நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நாலு தழும்பு. எழுபத்தைந்து வயது மனிதர், தழும்பைக் காட்டுகிற தோரணையில் கோபம் இல்லை; வெட்கம்தான் இருந்தது.

"என் ஆத்துக்காரி வளர்த்தது. பேரு சீடை. ஆகஸ்ட்ல அவ போயிட்டா. அப்புறம் அதுக்கு யாரையும் பிடிக்கலை. துக்கம்தான். வேற என்ன?"

"எனக்கு ஆறு வயசுல பொண்ணு இருக்கா," என்றாள் பத்மஜா, யாரோ அவளைக் குற்றம் சொன்னதுபோல. "கடிக்கற நாயை ஆத்துல வெச்சுக்க முடியுமா?"

கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓர் அழுக்கு மூட்டை கிடந்தது. அது மூட்டை இல்லை, நாய் என்று புரிந்துகொள்ள பிரம்மநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளையும் பழுப்புமான சின்ன நாய். தரையைத் தொடும் முடி முழுதும் சடை சடையாகத் திரண்டு, மிதியடியைப்போலக் கெட்டித்துப் போயிருந்தது. கண் எங்கே என்றே தெரியவில்லை. உறுமல் மட்டும் வந்தது.

மாரீஸ்வரி கருவிகளை எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"கடிக்க ஆரம்பிச்சது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா சார்? அம்மா போன அன்னைக்கேவா?"

பெரியவர் யோசித்தார். "இல்லை. முதல்ல சாப்பிடாம கெடந்தது. ராத்திரி என் காலண்டதான் படுத்துக்கும். கடிச்சதெல்லாம் தீபாவளிக்கு அப்புறம்தான்."

"எங்க தொட்டா கடிக்கும்?"

"தலையைத் தடவப் போனேன்."

"எந்தப் பக்கம் நின்னு?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நின்ற இடத்தில் நின்று காட்டினார். மாரீஸ்வரி தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பத்து நிமிஷம். பதினைந்து. பத்மஜா இரண்டு தடவை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். வாசல் ஓரம் நின்ற பிரம்மநாயகத்துக்குக் கூச்சமாக இருந்தது. வேலை தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வார்களோ?

பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போனால் அவனும் இதைத்தான் செய்வான். எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடமாட்டான். மோட்டார் என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்து நிற்பான். கீழே இருப்பவர்கள், "க்யா கர் ரஹா ஹை, என்ன பண்றான்? சும்மா நிக்கறான்" என்பார்கள்.

சீடை வெளியே வந்தது. மாரீஸ்வரியின் முதுகை மோந்தது. துப்பட்டாவின் நுனியை மோந்தது. அவள் திரும்பாமல் கையை மட்டும் தரையில் விரித்து வைத்தாள். அது புறங்கையை மோந்துவிட்டு ஓரடி பின்வாங்கி நின்றது.

"இடது பக்கமாத் தலையைச் சாய்க்குது," என்றாள் மெதுவாக. "வாடையும் அந்தப் பக்கம்தான் வருது. அழுக்கு வாடை இல்ல. இந்தா, நீங்க இங்கன வந்து உக்காருங்க."

"யாரு, நானா?"

"இசக்கி இல்லல்லா."

ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றினான். அவள் ஒரு துண்டைக் கயிறுபோல முறுக்கி, நாயின் கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி வைத்து, இரண்டு முனைகளையும் அவன் கையில் கொடுத்தாள்.

"மூக்கு சப்பையான நாய்க்கு வாயைக் கட்டக் கூடாது, மூச்சு முட்டிரும். இத வெச்சுத்தான் பிடிக்கணும். இறுக்காதீங்க. விட்டுரவும் செய்யாதீங்க."

நாயின் உடம்பு நடுங்குவது துண்டு வழியாக அவன் விரலுக்கு வந்தது. 

"தண்ணி விடப் போறேளா?" என்று பத்மஜா கேட்டாள்.

"இல்லம்மா. சடையில தண்ணி பட்டா இன்னும் இறுகிரும். முதல்ல சடைய எடுக்கணும்."

சோளமாவைத் தூவி, விரலால் சடையைப் பிரித்தாள். பிரியாத இடத்தில் சீப்பைத் தோலுக்கும் சடைக்கும் நடுவே நுழைத்து, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரித்தாள். தோலைக் கத்தரி தொடாமல் இருக்கத்தான் சீப்பு என்பதை பிரம்மநாயகம் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டான். முதுகு, வயிறு, பின்னங்கால். பழுப்பு மெத்தைத் துண்டுகள்போல முடி தரையில் விழுந்துகொண்டே இருந்தது. இடையிடையே நிறுத்தி, நாய்க்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்து, மறுபடி தொடங்கினாள். முக்கால் மணி நேரத்தில் மூட்டைக்குள்ளிருந்து ஒரு மெலிந்த நாய் வெளியே வந்திருந்தது.

இடது காது மட்டும் பாக்கி. அங்கே ஒரு கைப்பிடி அளவு சடை, கல்போல.

கத்தரி நுனி அதை நெருங்கியதும் சீடை வீரிட்டுத் திரும்பியது. பல் மாரீஸ்வரியின் மணிக்கட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் காற்றைக் கடித்தது. பிரம்மநாயகம் தன்னையறியாமல் துண்டை இறுக்கினான்.

"இறுக்காதீங்கன்னேன்லா." அவள் குரல் உயரவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. "சரிடா. சரி. பாத்துட்டேன். இனிமே மெதுவா."

மயிர் மயிராக எடுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பத்மஜாவும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கடைசிச் சடை விலகியபோது மாரீஸ்வரி சட்டென்று கையை நிறுத்தினாள்.

"டார்ச் அடிங்க."

அவன் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான். காது மடலின் பாதியில், வீங்கிச் சிவந்த சதைக்குள் ஒரு சின்ன நீலக் கோடு. ரப்பர் பேண்ட். குழந்தைகள் ஜடை நுனிக்குப் போடுவார்களே, அது. சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதற்கு மேலே மடலின் நுனி கறுத்துப்போயிருந்தது.

பத்மஜா குனிந்து பார்த்தாள்.

"மித்ரா," என்றாள் பத்மஜா. குரல் உடைந்துவிட்டது. "தீபாவளிக்கு வந்தப்போ சீடைக்கு ஜடை பின்னி விளையாடிண்டிருந்தா. எல்லாத்தையும் கழட்டிட்டேன்னு சொன்னா, நானும் பாக்கலை. என் பொண்ணு தெரியாம…"

"குழந்தைக்கு என்னம்மா தெரியும்," என்று மாரீஸ்வரி அதை அங்கேயே முடித்துவிட்டாள். "முடிக்குள்ள மூடிக்கிட்டு இருந்திருக்கு. கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது."

அடுத்து அவள் செய்தது பிரம்மநாயகத்தை ஆச்சரியப்படுத்தியது. தானே அறுத்துவிடவில்லை. பன்வேல் டாக்டரம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். அந்தம்மா இந்தியிலும் மராத்தியிலுமாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், எவ்வளவு ஆழம், சீழ் என்ன நிறம், மேல்பக்கம் சூடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னாள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இவள் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளாவது, இன்று வேலை எப்படி என்று கேட்டிருக்கிறோமா என்று நினைத்துப் பார்த்தான். கேட்டதில்லை.

"இழுக்காதே. ஒரு இடத்துல மட்டும் வெட்டு, அதுவா விடும். உன்னால முடியும்," என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "காது நனையாம உடம்பை மட்டும் கழுவி, காயவைச்சுக் கொண்டுபோ. பரேல்ல ஒரு டாக்டர்கிட்ட நான் பேசி வைக்கிறேன். நாலு மணிக்கு."

வளைந்த சின்னக் கத்தரியை எடுத்தாள். அவள் விரல் துளி அசையவில்லை. டிக் என்று ஒரு சத்தம். நீலக் கோடு இரண்டாகப் பிரிந்தது. உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி, இரண்டு முனையையும் வெளியே எடுத்தாள்.

சீடை கத்தும் என்று பிரம்மநாயகம் எதிர்பார்த்தான். அது கத்தவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு தலையை அப்படியே அவன் தொடைமேல் வைத்துவிட்டது.

"துண்ட விட்டுருங்க," என்றாள் மாரீஸ்வரி. "இனிமே வேண்டாம்."

குளியல் அதற்கப்புறம்தான். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, தன் முழங்கையை முக்கிச் சூடு பார்த்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. இடது காதைத் துணியால் சுற்றித் தலையோடு சேர்த்து வைத்தாள். தொட்டியில் சீடையை நிற்க வைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் சின்னக் குவளையால் தண்ணீரை விட்டாள். பாட்டிலில் தண்ணீரோடு கலக்கி வைத்திருந்த ஷாம்பூவை விரல் நுனியால் தேய்த்தபோது முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் போயிற்று. இரண்டாவது தண்ணீர் கழுநீர் மாதிரி. மூன்றாவது தெளிந்தது.

"மூஞ்சிக்குத் தண்ணி விட மாட்டியா?" பிரம்மநாயகம் கேட்டான். தானாக ஒரு கேள்வி கேட்டுவிட்டோம் என்பது கேட்டபின்தான் தெரிந்தது.

"அதுக்கு ஈரத்துணி போதும். மூக்குல ஏறிட்டா அடுத்த தடவ தொட்டியப் பாத்தாலே ஓடிரும்."

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்றடிக்கும் மெஷினைத் தூரத்தில் பிடித்து, சீவிச் சீவி உலர்த்தினாள். நகங்களை வெட்டினாள். கண்ணோரத்து முடியைக் கத்தரித்தபோது முதல் முறையாக இரண்டு பெரிய கறுப்புக் கண்கள் தெரிந்தன.

கூடத்தின் நடுவில் வந்து நின்ற சீடை உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டது. பிறகு நகம் தரையில் தட்டத் தட்ட ஜன்னல் பக்கம் நடந்துபோய், பெரியவரின் காலடியில் படுத்துக்கொண்டது.

வேங்கடசுப்ரமணியன் குனிந்தார். கை பாதியில் நின்றது.

"தொடுங்க சார். வலது பக்கம்," என்றாள் மாரீஸ்வரி.

அவர் தொட்டார். நாய் கண்ணை மூடிக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார், நீண்ட நேரம்.

"துக்கம், துக்கம்னு சொல்லிண்டிருந்தேன். ஒரு தடவ பிரிச்சுப் பாக்கத் தோணலையே எனக்கு."

அந்த நேரம் பார்த்து பத்மஜாவின் போன் அடித்தது. கர்ஜத் வண்டி கீழே வந்துவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"முலுண்டுக்கு வரமாட்டேன்னு நான் சொல்லலைம்மா," என்றார் அவர். "இவனும் வரான்னு சொல்றேன்."

"மித்ரா இருக்காளேப்பா. மறுபடியும் கடிச்சுட்டா?"

மாரீஸ்வரி தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இது கடிக்கிற நாய் இல்லம்மா. இத்தன நாளா உயிர் போற வலியில கெடந்திருக்கு, ரெண்டு மணி நேரமா நான் வெட்டி, அறுத்து எடுத்திருக்கேன். என் கையில ஒரு பல்லு பட்டிருக்கான்னு பாருங்க."

இரண்டு கைகளையும் நீட்டினாள். ஷாம்பூ நுரையும் தண்ணீரும்தான் இருந்தன. கீறல் இல்லை.

பத்மஜா போனில், "சாரி பாய்சாப், கேன்சல்," என்றாள்.

பரேலுக்குக் கிளம்பும்போது பெரியவரும் மகளும் முன்னால் லிஃப்டில் இறங்கினார்கள். அடுத்த நடைக்கு லிஃப்ட் மேலே வந்ததும், பிரம்மநாயகம் கம்பிக் கதவை இழுத்துத் திறந்து, தொட்டியையும் பையையும் உள்ளே வைத்து, "வா" என்றான்.

துண்டில் சுற்றிய சீடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாரீஸ்வரி ஏறினாள். அவள் காலுக்கு இடம் விட, அவன் தொட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். 

கீழே மிஸ்ரா எழுந்து நின்றார். "அரே நாயகம் பாய், சண்டே கோ பீ காம்?" ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று கேட்டார்.

"என் வேலை இல்ல. இவங்க வேலைக்கு நான் கூட வந்தேன்," என்று பிரம்மநாயகம் இந்தியில் சொன்னான். "மேரி பீவி ஹை, என் சம்சாரம். மூணாவது மாடி நாய் எல்லாரையும் கடிக்குதுன்னு சொல்வீங்கல்ல? ரெண்டு பார்லர்ல முடியலைன்னு விட்டது. இவங்க சரி பண்ணிட்டாங்க."

தேவைக்கு மேல் சத்தமாகத்தான் சொன்னான். கேட் பக்கம் நின்ற குஜராத்தியும் திரும்பிப் பார்த்தார். மிஸ்ரா ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தார்.

பரேல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துக் காதைப் பார்த்தார். அவர் கேள்வி கேட்டது நாயின் சொந்தக்காரர்களிடம் இல்லை, மாரீஸ்வரியிடம். எத்தனை மணிக்கு அறுத்தாய், எதில் கழுவினாய் என்றார். கடைசியில், "காது பிழைக்கும். நுனி மட்டும் நிற்குமா என்று மூணு நாள் பார்க்கணும். நீயே கட்டு மாத்திடுவேல்ல?" என்று இந்தியில் கேட்டார்.

"மாத்திருவேன் சாப்," என்றாள்.

பின்னால் சுவரோரம் தொட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்ற பிரம்மநாயகத்துக்கு, ஏனோ தன்னைத்தான் யாரோ தட்டிக்கொடுத்ததுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. திருவேங்கடம் ஏற்கனவே வந்து, இசக்கி போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். தம்பியின் சட்டையெல்லாம் நாய் முடி. தோளில் பச்சைத் தொட்டி. அவர் பார்த்த பார்வையில் டீ ஆறிவிடும்.

"ஏலே, நீயுமா?"

"ஆமாண்ணே. இன்னைக்கு நான்தான் ஹெல்ப்பர்."

மாரீஸ்வரி, "வாங்க அத்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைதான். எல்லாம் கேட்கும் என்று தெரிந்தே திருவேங்கடம் குரலைத் தாழ்த்தினார்.

"முலுண்டுக்காரங்க நல்ல குடும்பம். பொண்ணோட அப்பா ரயில்வே ஆபீஸ்ல பெரிய உத்தியோகம். பையனோட சித்தி என்ன செய்யுதான்னு கேட்டாவ. நீ சொன்னத நம்பி, கிளினிக்ல இருக்கான்னு சொல்லிட்டேன். நாளைக்கு யார் மூலமாவது விஷயம் போனா என் மூஞ்சிய எங்க வைக்க? நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. சுரேந்திரன் கல்யாணம் முடியுற வரைக்கும் வேலைக்குப் போகாம இருக்கச் சொல்லு. நாலு மாசம். அவ்வளவுதான்."

காலையில் கேட்டிருந்தால் பிரம்மநாயகம் சரியென்று சொல்லியிருப்பான். அது அவனுக்கே நன்றாகத் தெரிந்தது.  தொட்டியை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான்.

"அண்ணே, பொய் சொன்னது நான். அவ இல்ல. உங்களையும் பொய் சொல்ல வெச்சுட்டேன், அது என் தப்பு. ஆனா வேலைய நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

"நாய் கழுவுத வேலைலே."

"ஆமா. கழுவுதா. இன்னைக்கு ரெண்டு மணி நேரம் பக்கத்துல இருந்து பாத்தேன். நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவன்ணே. கை தெரிஞ்சவங்க யாரு, தெரியாதவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி ஒரு கைய நான் பாத்ததில்ல. பெரிய டாக்டரே இவகிட்டதான் கேட்டு எழுதுதாரு. இத மறைச்சு வெச்சிருந்தேனேன்னுதான் எனக்கு இப்ப வெக்கமா இருக்கு."

திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. இசக்கி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

திருவேங்கடம் டம்ளரைக் கீழே வைத்தார். கோபத்தில் அவர் கத்துகிற ஆள் இல்லை, அமைதியாகிவிடுகிற ஆள். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு நம்பரைத் தேடினார்.

"சரி. என்னால பேச்ச மாத்திப் பேச முடியாது. பொண்ணோட அம்மா லைன்ல வருவாவ. நீயே சொல்லு. என்ன ஆனாலும் உன் பொறுப்பு. சுரேந்திரன்கிட்டயும் நீதான் பதில் சொல்லணும்."

மணி போய்க்கொண்டிருந்த போனைத் தம்பியின் கையில் வைத்தார்.

 அண்ணன் மகனைப் பிரம்மநாயகம் தோளில் தூக்கி வளர்த்தவன். ஒரு வார்த்தை தவறினால் அந்தப் பையனின் கல்யாணம் நின்றுபோகும். இருந்தாலும் போனைக் காதில் வைத்தான்.

"அலோ," என்றது ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. நான் சுரேந்திரனோட சித்தப்பா பிரம்மநாயகம், தாராவியிலேர்ந்து. உங்ககிட்ட ஒரு விஷயம் தப்பாச் சொல்லியிருக்கு, அதத் திருத்தணும். என் சம்சாரம் கிளினிக்ல வேலை பாக்கல. வீடு வீடாப் போய் நாய்கள குளிப்பாட்டி, முடி வெட்டி விடுதா. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் எல்லாம் கூப்பிடுதாங்க. அவள மாதிரி அந்த வேலை தெரிஞ்சவங்க கம்மி. அதுல எங்களுக்குப் பெருமைதான். மறைச்சதுக்கு மன்னிச்சுக்கிடுங்க."

 மறுமுனையில் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தது கேட்டது. திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று அந்தக் குரல் கேட்டது. கோபமா, வேறேதாவதா என்று பிரித்தறிய முடியாத குரல். "நீங்க சொன்னது போதும். மிச்சத்தை அவங்ககிட்டயே கேட்டுக்கறேன். போனை அவங்ககிட்ட குடுங்க."

திரை விலகியது. மாரீஸ்வரி ஈரமுகத்தைத் துடைக்கக்கூட மறந்து நின்றிருந்தாள். ஐந்து நாளாக முகம் பார்க்காதவள், தன் புருஷனை நேராகப் பார்த்தாள். பிறகு கையைத் துப்பட்டாவில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, போனுக்காக நீட்டினாள்.